வேப்பமரத்துக் குழாய்

திருச்சுழிக்கு மேற்கே, சீமைக்கருவேல் காட்டுக்குள் தனியாக நின்ற கோயிலில் மறுநாள் காதுகுத்து. வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜெயபாண்டியும் அவன் மனைவி சத்யபிரியாவும் பந்தல்குடியிலிருந்து ரேடியோ செட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவன் மரம் ஏறுவான். அவள் கீழே ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்வாள். அவர்கள் தொழிலில் சட்டம் ஒன்றுதான். மேலே இருப்பவன் "போடு" என்று சொல்லாமல் கீழே இருப்பவள் மெயின் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. சண்டை போட்டுப் பேசாமலிருக்கும் நாளில்கூட அந்த ஒரு சொல்லை அவன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோயில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, சீரியல் பல்பு வயரை இணைக்க அவன் இன்னும் மேலே போனான். குழாயைச் சோதிக்க அவள் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, போனைச் சொருகினாள். எந்தக் கோயிலிலும் முதல் பாட்டு சாமி பாட்டுதான். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் முந்தின நாள் போன் தானாகக் காட்டிய ஓர் ஆல்பம் அவளைப் பிடித்த பிடி விடவில்லை. கேள்விப்படாத ஏதோ ராக் குழு, புரியாத மொழி. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வேறு தாளத்தில் மறுபடி எழும் நீண்ட நீண்ட பாட்டுகள். யாரையோ பறிகொடுத்தவன் பாடுவது போலிருக்கும்.

கிடார் காட்டுக்குள் பரவியது. விசேஷ வீட்டுக்காரர் பால்ச்சாமி முகம் சுளித்தார்.

"என்ன தாயி, எழவு வீடு மாதிரி இருக்கு? சாமி பாட்டு போடலையா?"

"குழாய் சரியா இருக்கான்னு பாக்குறேன் அண்ணாச்சி. இந்தா மாத்திர்றேன்."

அவர் ஊருக்குள் போய்விட்டார். அவள் மாற்றவில்லை. நிறுத்த மனம் வரவில்லை.

பொழுது சாய்ந்தது. பாட்டு ஓய்ந்தது. காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

"போடு."

மரத்திலிருந்துதான் வந்தது. அவன் குரல்தான். அவள் கை சுவிட்சுக்குப் போனது.

"போடு, பிரியா."

எப்போதும் போல ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கிளையில் ஜெயபாண்டி காலைப் பின்னி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் வயர். தோல் உரித்த செம்புக் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தான்.

அந்த வாய் பேசியிருக்க முடியாது.

அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். போனைப் பிடுங்கினாள். பேட்டரி வயரையும் கழற்றி எறிந்தாள்.

உயிரில்லாத குழாயிலிருந்து, கெஞ்சலாக:

"போடேன்."

"எறங்குங்க! எறங்கிருங்க!" என்று அலறினாள்.

அவன் கடைசி முடிச்சைப் போட்டு, டேப்பைச் சுற்றிவிட்டுப் பதறி இறங்கினான்.

"ஏ புள்ள, என்ன ஆச்சு? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"தெரியும்," என்று அவள் கிசுகிசுத்தாள். அவனைக் கொல்ல இருந்தது தன் கைதான் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அவன் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாத. நானே போடுறேன்."

மறு கையால் அவன் மெயினைப் போட்டான். மரம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக எரிந்தது. உச்சிக் கிளையில் யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

காற்றில்லாமல் அந்தக் கிளை மட்டும் ஆடியது.

பக்கத்தில் நின்ற ஜெயபாண்டி வாயைத் திறக்கவில்லை. அவன் குரல் மேலேயிருந்து கேட்டது.

"எரியுதுல்ல, பிரியா? எறங்கட்டா?"