தள்ளு ராணி

காலை ஏழே முக்கால் ஆனால் போதும், லிங்கராஜபுரத்தின் அந்தச் சின்னத் தெருவில் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பழைய காரின் பின்னால் வரிசையாக நின்றுவிடுவார்கள். தள்ளு தள்ளென்று தள்ளுவார்கள். பத்தடி போனதும் அது ஒரு தும்மல் போட்டு, புகையைக் கக்கிவிட்டு, போனால் போகிறது என்று கிளம்பும். தெரு அதற்கு வைத்த பெயர் 'தள்ளு ராணி'.

பதினொரு வயது மலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அது அவள் வீட்டு மோரிஸ் மைனர். அவள் அம்மா சம்பூர்ணம் வீட்டில் கேக் செய்து, அந்தக் காரில்தான் ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கோளாறு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். என்ஜினுக்குள் 'பாயிண்ட்' என்று இரண்டு குட்டி உலோக முனைகள் உண்டு. அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி பிறக்கும். தொட்டுத் தொட்டு அவை கருகிப் போயிருந்தன. அம்மா உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார், மூன்று நாள் ஓடும், மறுபடி நிற்கும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு முழுக்க அலைந்தும் புதுசு கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை ரயில்வே கேட்டில் கார் நின்றுவிட்டது. மூன்றடுக்குக் கல்யாணக் கேக் வெயிலில் வழிந்து ஒரே அடுக்காகிவிட்டது.

"போதும்மா," என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு முனிகிருஷ்ணன் வர்றார். எடைக்குப் போட்டுடலாம்."

முனிகிருஷ்ணன் பழைய இரும்பு வாங்குகிறவர்.

"நான் விட மாட்டேன் மம்மி."

"அப்ப உங்க மாமாவக் கூப்பிடு. பாயிண்ட்டுக்குப் பதிலா அவன் செஞ்சிருக்கிற பெட்டி வேலை செஞ்சா வண்டி இருக்கட்டும். இல்லன்னா அழக்கூடாது."

மாமா ரெமிஜியஸுக்கு ஹெப்பகோடியில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. மூன்று மாதம் உட்கார்ந்து, சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைக் கொண்டுவந்தார்.

"இனிமே பாயிண்ட்டே வேணாம். சுத்துற காந்தத்தப் பாத்து இந்தப் பெட்டியே பொறிய வரவைக்கும். கருகாது, தேயாது," என்றார். "ஆனா இது ஒண்ணுதான் இருக்கு. பத்திரம்."

பழைய பாயிண்ட்டைக் கழற்றி எறிந்தார். காந்த வளையத்தை மாட்டினார். மலருக்கு ஒரு காகிதம் கொடுத்து, எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். அவள் படிக்கப் படிக்க, அவர் வயர்களை இணைத்துக்கொண்டே வந்தார்.

"நாலாவது," என்று படித்தாள் மலர். "பேட்டரியின் மைனஸ், வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும்."

"சேர்ந்திருக்கு. கறுப்பு வயர் பாடிக்குத்தானே போகுது? அடுத்தது படி."

மலர் படிக்கவில்லை. வாரா வாரம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அதன் தலையில் பூக்கிற வெள்ளை அழுக்கைத் துடைப்பதும் அவள்தான். துடைக்கும்போது கறுப்பு வயர் பக்கத்தில் பாதி தேய்ந்த கூட்டல் குறி ஒன்று விரலில் தட்டும்.

"மாமா, கறுப்புதான் பிளஸ்."

"உலகத்துல எந்த வண்டியிலயும் கறுப்புதான் மைனஸ். நேரமாகுது, படி."

"நான் கையால தடவிப் பாத்திருக்கேன்."

"சும்மா இரு மலர்," என்றார் அம்மா. "மாமா படிச்சவரு."

வாசலில் முனிகிருஷ்ணனின் டெம்போ வந்து நின்றது. மாமா அவசர அவசரமாகக் கடைசி வயரை முறுக்கிவிட்டு, கையைத் துடைத்தார்.

"சரி, சாவியப் போட்டுப் பாத்துடலாம்."

காரில் சாவி இல்லை. அது மலரின் கைக்குள் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றாள்.

"குடு மலர்."

"மாட்டேன். தப்பா இருந்தா பெட்டி கருகிடும். வண்டி போயிடும்."

"இந்தப் பிடிவாதம் யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றார் அம்மா.

"உங்ககிட்டதான் மம்மி."

முனிகிருஷ்ணன் சிரித்துவிட்டார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மலருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுவரை விட்டு நகரவில்லை.

"உங்க பையில சின்னச் சிவப்பு லைட் இருக்கே மாமா," என்றாள். "ஒரு பக்கமா வெச்சாத்தான் எரியும். நீளக் கால் பிளஸ்ல இருக்கணும்னு நீங்கதானே லீவுல சொன்னீங்க? அத வெச்சுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா சாவியத் தர்றேன். அப்புறம் வாயத் திறக்க மாட்டேன்."

மாமா பெருமூச்சு விட்டுக்கொண்டு பையைத் திறந்தார். விளக்கின் நீளக் காலைச் சிவப்பு வயர் பக்கம் வைத்தார். எரியவில்லை. திருப்பி, கறுப்பு வயர் பக்கம் வைத்தார்.

சிவப்பாக எரிந்தது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பழைய இங்கிலீஷ் வண்டி," என்று முணுமுணுத்தார். "அந்தக் காலத்துல பிளஸ்ஸத்தான் பாடிக்குக் குடுப்பாங்க. படிச்சிருக்கேன். மறந்துட்டேன்." பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "சாவியப் போட்டிருந்தா மூணு மாச வேலை புகையாப் போயிருக்கும். மன்னிச்சிடு மலர்."

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார் அம்மா.

"பேட்டரியத் திருப்பி வெக்கணும். பொறி கிளப்புற காயிலோட வயர மாத்தணும். பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவுக்கும் எது பிளஸ்னு புதுசாப் பழக்கணும். ஒரு மணி நேரம் குடு அக்கா."

அம்மா முனிகிருஷ்ணனைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். "ஸ்வல்ப, கொஞ்சம் சீக்கிரம் மேடம். நான் வண்டியில பாட்டு கேட்டுக்கிட்டிருக்கேன்."

டெம்போவில் பாட்டு அலறியது. இங்கே வேலை நடந்தது. இந்தத் தடவை மலர் காட்டியதை மாமா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு மலர் சாவியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார்.

தும்மல் இல்லை. புகை இல்லை. கார் ஒரே இழுப்பில் சீராக உறுமியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பிள்ளைகள் பழக்கதோஷத்தில் பின்னால் போய்க் கையை வைத்திருந்தார்கள். கார் முன்னால் போய்விட்டது, அவர்கள் காற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

அம்மா தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "மன்னிக்கணும் முனிகிருஷ்ணன். வண்டிய விக்கல."

"பரவாயில்ல மேடம்," என்று அவர் தன் டெம்போவில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டக். டக். அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினார். டக்.

ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டதில் டெம்போவின் பேட்டரி காலியாகியிருந்தது. முனிகிருஷ்ணன் மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார். தள்ளு ராணி பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது.

மலர் பிள்ளைகளைக் கூப்பிட்டு டெம்போவின் பின்னால் வரிசையாக நிறுத்தினாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"கியர் போட்டு ரெடியா இருங்க அங்கிள்," என்றாள். "தள்றதுல எங்கள யாரும் அடிச்சுக்க முடியாது. இனிமே எங்களுக்கும் வேற வேலை இல்ல."