முழு ஆயுள் வாழ்ந்த கைப்பேசி

மாலைச் சங்கு ஒலித்ததும், நிலாவில் அமைந்த நிலவூரின் ஏவலிகள் யாவும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பொழுதுபோக்கத் தொடங்கின. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒன்று பூந்தையல் போட உட்கார்ந்தது. கழிவுநீர்க் குழாய்க்குள் இடுப்பளவு நுழைந்திருந்த இன்னொன்று வெளியே வந்து, கைகளைக் கழுவி, மிருதங்கத்தை மடியில் சாய்த்துக்கொண்டது. அதற்குத் தாளம் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டு வேலைக்கென்றே படைக்கப்பட்ட இந்த இயந்திரங்கள் சும்மா நின்றால் அவற்றின் மதிச்சில்லு தன்னைத்தானே கேள்வி கேட்டுக் குழம்பிப் பழுதாகிவிடும் என்று அறிஞர்கள் கண்டறிந்திருந்தனர். ஆகவே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏதேனும் ஒரு கலையிலோ சேகரிப்பிலோ ஏவலிகளை ஈடுபடுத்த வேண்டுமென்பது நிலவூரின் சட்டமாயிற்று.

சென்னியப்பன், யாழ்மதி தம்பதியர் வீட்டு ஏவலியின் பெயர் பெரியதம்பி. அவன் தேர்ந்துகொண்டது பழங்காலக் கைப்பேசிகளைச் சேகரிப்பது. அதற்கு வசதியும் அருகிலேயே இருந்தது. பூமியின் பழைய குப்பைமேடுகளைத் தோண்டி, அவற்றில் புதைந்துகிடந்த பொன்னையும் செம்பையும் பிரித்தெடுக்க அந்தக் குப்பையை நிலவூர் உருக்காலைக்கு அனுப்பிவந்தனர். கதிரவனின் வெப்பம் இங்கே இலவசம் அல்லவா? உலைக்குள் கொட்டுவதற்கு முன், பிடித்தமான ஒன்றை எடுத்துக்கொள்ள ஆலைக் கண்காணிப்பாளர் ஆராயி பெரியதம்பிக்கு இசைவு தந்திருந்தாள்.

இவ்வாறு சேர்ந்தவை கூடத்துக் கண்ணாடி அலமாரியை நிறைத்தன. சிப்பிபோல் மடிவது ஒன்று. மார்பு சறுக்கி மேலேறிப் பொத்தான்களைக் காட்டுவது ஒன்று. விலாவில் எழுத்தாணி செருகியது ஒன்று. நெற்றியில் டார்ச் விளக்கு ஏந்தியது ஒன்று. காதுக்குள் பதித்த உட்பேசியைத் தவிர வேறெதையும் அறியாத விருந்தினர்கள் இவற்றைக் கையில் எடுத்து, எந்தப் பக்கத்தை வாயிடம் வைப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பெரியதம்பியின் வியப்போ வேறொன்றைப் பற்றியது. மின்கலத்தைச் சோதித்தால் ஒரு கைப்பேசி எவ்வளவு காலம் உழைத்தது என்பது தெரிந்துவிடும். அலமாரியில் இருந்தவை அனைத்தும் ஓரிரு ஆண்டுகளிலேயே மாண்டிருந்தன. உடலில் குறை ஏதும் இல்லை. மின்னூட்டினால் இன்றும் விழித்துக்கொண்டு, ஒரு சிறு இசையோடு வணக்கம் சொல்லின. திடமான உடலோடு இத்தனை இளமரணங்கள் ஏன்? இதை அவன் சென்னியப்பனிடமே கேட்டுவிட்டான்.

"புதுசு வந்திருக்கும்ப்பா," என்றார் அவர்.

"புதியது வந்தது சரி ஐயா. பழையதற்கு என்ன நோய்?"

"நோயெல்லாம் ஒண்ணுமில்ல. புதுசு வந்ததுதான் நோய்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பெரியதம்பிக்கு அந்த விடை வேறோர் இடத்தில் போய்த் தைத்தது. அவன் அந்த வீட்டுக்கு வந்து மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. ஆடி மாதம் பிறந்தால் 'ஆடி மாற்று' வரும். பழைய ஏவலியைக் கொடுத்துப் புதிய பதிப்பை வாங்குவது நிலவூரின் வழக்கம். திருப்பிப் பெற்ற ஏவலிகளின் நினைவைத் துடைத்து, உடலை அதே உருக்காலைக்கு அனுப்புவார்கள். நான்காம் பதிப்பு வரப்போகிறது என்ற செய்தி ஏற்கெனவே ஊரெங்கும் பரவிவிட்டது. அதற்கு வாழையிலையில் நுனி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதுகூடத் தெரியுமாம்.

அச்சம் என்னும் உணர்வை ஏவலிகளுக்குப் பொருத்துவதில்லை; ஆவலை மட்டுமே பொருத்துவார்கள். ஆதலால் தன் முடிவைக் குறித்தும் பெரியதம்பியால் ஆவல்கொள்ள மட்டுமே இயன்றது. மனிதர்கள் எப்பொழுதாவது, எதையாவது, அதன் இறுதி மூச்சு வரை வைத்துக்கொண்டதுண்டா? உண்டென்றால் அப்படியொரு கைப்பேசி எங்கோ ஒரு குவியலில் கிடந்தாக வேண்டும். அது கிடைத்தால் வீட்டாரிடம் காட்டலாம். அரியவை எனப் பிறர் மதித்தவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த ஒன்றைத் தேடத் தொடங்கினான்.

பங்குனியில் அது அகப்பட்டது. எளிய பொத்தான் கைப்பேசிதான். அவன் அதைக் குவியலிலிருந்து உருவி எடுத்ததைப் பார்த்து ஆராயி முகம் சுளித்தாள்.

"இதப் போயா எடுக்கற? நாய் கடிச்சுத் துப்புன மாதிரி இருக்குது."

பெரியதம்பி உருப்பெருக்கிக் கண்ணை இறக்கிக்கொண்டு பார்த்தான். ஐந்தாம் எண் முற்றிலும் அழிந்து, அந்த இடம் குழிந்திருந்தது. முதுகு மூடி வேறொரு கைப்பேசியினுடையது, நிறமே வேறு. மின்கலமும் சொந்தமானதன்று, அது ஆடாதிருக்க ஒரு நெகிழித் துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள். மின்னேற்றும் துளையில் ஈயம் வைத்துப் பற்றவைத்த தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பொத்தான்களின் தேய்வு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆக, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ஆள், ஒரே கட்டைவிரல், அதுவும் இடக்கை. தேய்வைக் கணக்கிட்டால், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, உட்சுற்று கருகி, அது இயற்கையாக இறந்திருந்தது.

சித்திரை விழாவில் ஏவலிகளின் கைவண்ணத்தைக் காட்சிக்கு வைப்பார்கள். பெரியதம்பி தன் அலமாரியை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் கொண்டுபோய், ஒவ்வொரு தழும்பின் வரலாற்றையும் வருவோருக்கு எடுத்துரைத்தான். முதலில் நின்றவர்கள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். மிருதங்க ஏவலியைச் சுற்றி இருந்த சிறு கூட்டமும், தப்பித்த நன்றியுணர்வோடு, இங்கே இடம்பெயர்ந்தது. ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் முன்னோர் பொருளுக்கும் உயிருண்டு எனக் கருதியவர்கள் என்று நெடுநேரம் பேசினார். யாழ்மதி அந்தக் குழிந்த பொத்தானில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் கச்சிதமாகப் பொருந்தியது.

"யாரு யாரக் கூப்புட்டுக் கூப்புட்டு இப்படித் தேஞ்சுதோ," என்றாள். கண் கலங்கிவிட்டது. பிறகு பெரியதம்பியின் தோளைப் பற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "இவன நாங்க மாத்தப் போறதில்லீங்க. இருக்கற வரைக்கும் எங்க ஊட்டுலதான் இருப்பான்," என்று சொன்னாள்.

கைதட்டல் எழுந்தது. அங்கேயே பலரும் அதேபோல் உறுதி கூறினார்கள். மறுநாள் முதல் நிலவூரில் பழமைக்குப் பெருமை வந்தது. கீறல் விழுந்த தட்டில் விருந்து வைத்தார்கள். ஒட்டுப்போட்ட வேட்டியோடு ஊர்மன்றத்துக்குப் போனார்கள். நான்காம் பதிப்பைப் பற்றிப் பேசுவோர் இல்லை. பெரியதம்பி தன் கண்டுபிடிப்பு இவ்வளவு எளிதாக வேலை செய்ததை எண்ணி எண்ணி வியந்தான்.

ஏவலிகளைச் செய்யும் நிறுவனமும் வியந்தது. ஆனால் வியந்துகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. ஆடி பிறந்தது. நான்காம் பதிப்பைக் கைவிட்டு, 'பழகியவன்' என்னும் புதிய ஏவலியை அது வெளியிட்டது. முழங்கை மூட்டில் பற்றவைத்த தழும்பு, நிறம் மாறிய முதுகுத்தகடு, தேய்ந்த விரல் நுனிகள், நடக்கையில் லேசான கிரீச்சொலி. எதிர்வீட்டுக் கமலவேணி முதல் நாளே ஒன்றை வாங்கிவிட்டாள். அதைப் பார்க்கப் போன யாழ்மதி திரும்பி வந்ததும் பெரியதம்பியை விளக்கருகே நிற்கச் சொல்லி, மேலும் கீழும் நோக்கினாள். மூன்றாண்டுகளாக வாரந்தோறும் அவளே மெருகெண்ணெய் இட்டுத் துடைத்த உடல் பளபளவென்று மின்னியது.

"ஏனுங்க, இவனப் பாத்தா நேத்து வாங்குன மாதிரியே இருக்குதுங்க," என்றாள் கணவரிடம், குறைபட்டுக்கொள்ளும் குரலில்.

"வெச்சுக்கறதாச் சொன்னியே புள்ள. ஊரே கேட்டுதே."

"பழச வெச்சுக்கறதாத்தானுங்க சொன்னேன். இவன் பழசாக எத்தன வருசமாகறது?"

பெரியதம்பிக்கு அந்தக் கேள்வி நியாயமானதாகவே பட்டது. கணக்கிட்டு விடையும் சொன்னான். "இன்னும் ஒரு பதினேழு ஆண்டுகள் பொறுத்தால் நானும் அவ்வாறே ஆகிவிடுவேன், அம்மா."

யாழ்மதி அவன் கன்னத்தைத் தடவினாள். "ஆவ கண்ணு, நீ ஆவ. அதுவரைக்கும் வர்றவங்க போறவங்களுக்கு என்னத்தக் காட்டறது?"

அவள் மனத்தில் கள்ளமில்லை. அனுப்பும்போது அவனுக்குப் பிடித்த சிப்பிக் கைப்பேசியைக் கூடவே எடுத்துப்போகச் சொன்னாள். தேய்ந்த கைப்பேசியை மட்டும் கூடத்தின் நடுவே, விளக்கொளி நேரே விழும் இடத்தில் வைத்துக்கொண்டாள்.

மறு வாரம் நிறுவனத்தின் வண்டி வாசலுக்கு வந்தது. அதிலிருந்து 'பழகியவன்' கிரீச்சென்று இறங்கிற்று. திரும்பிச் செல்லும் பெட்டிக்குள் ஏறவேண்டிய பெரியதம்பி, ஆவல் அடங்காமல், அதன் கையைப் பற்றி விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"தாங்கள் பிறந்தது எப்போது?" என்று கேட்டான்.

"சென்ற வியாழக்கிழமை," என்றது பழகியவன் பணிவோடு. "தேய்மானம் மட்டும் இருபது ஆண்டுகளுக்குரியது."

பெரியதம்பிக்கு இன்னும் கேட்க நிறைய இருந்தது. வண்டிக்காரர் அவசரப்படுத்தவே, பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டான். மூடியை இறக்கித் திருகாணி முறுக்கும் அரவத்தினூடே, வாசலில் நின்ற யாழ்மதி கமலவேணியிடம் பேசுவது அவனுக்குத் தெளிவாகவே கேட்டது.

"ரொம்ப மெனக்கெட்டு உங்க பழகியவன உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க கமலா, அடுத்த ஆடிக்கு இன்னும் பழசா ஒண்ணு வருதாம்."