வெட்டுப்பட்ட பச்சை

போன் அலறியது!

மேரன் டாலிவர் பாய்ந்து எடுத்தாள்.

"பன்னிரண்டு மணி, ஊர்க்கோடிப் பாலம். கேமராவோட தனியா வா. போலீஸ்கிட்ட போனே... உன் புருஷன் பிணம்தான்!"

கரகரத்த குரல். பின்னாலேயே அவள் கணவன் கேரட்டின் கதறல்...

"மேரன்! கொடுத்துடு! என்னைக் கொன்னுடுவாங்க!"

துண்டிக்கப்பட்டது.

மேஜை மேல் அந்தக் கேமரா. உள்ளங்கையில் அடங்கும். ரொட்டிப் பெட்டி அளவு சாட்டிலைட்டில் உட்கார்ந்து பூமியைப் பார்ப்பதற்காக அவள் ஆறு வருடம் இழைத்தது. ஒன்று ஏற்கெனவே வானத்தில். இது அதன் இரட்டை.

மூன்று நாளாக கேரட்டைக் காணவில்லை. கொலராடோ மலையில் மீன் பிடிக்கப் போனவன்!

போலீஸ் டெபுடி லூசெரோ தொப்பியைக் கழற்றினார். அவரை வரவழைத்தது அவள்தான். தப்பு செய்துவிட்டோமோ...?

"இந்தப் போனும் எல்க்ஹார்ன் பள்ளத்தாக்குலேர்ந்துதான் மேடம். முதல் போன் வந்தப்பவே ரெண்டு தடவை ஹெலிகாப்டர்ல சுத்திட்டோம். எங்க பார்த்தாலும் பச்சை மரம்தான்."

"உங்க கண்ணுக்குப் பச்சை!"

மேரன் சட்டென்று திரும்பினாள்.

"டெஸ்மண்ட்! நம்ம சாட்டிலைட் எப்போ இந்தப் பக்கம் வருது?"

சாட்டிலைட்டை இயக்கும் டெஸ்மண்ட் திரையைப் பார்த்தான்.

"பத்து நாப்பத்திரண்டு. ஆனா கலிபோர்னியா வயலைப் படம் எடுக்கணும். திருப்பினா என் வேலை போயிடும்!"

"என் புருஷன் போயிடுவான்டா!"

டெஸ்மண்ட் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான்.

"மேகம் வருது மேரன்... ஒரே சான்ஸ்."

10.42.

10.50...

அவள் நகத்தைக் கடித்தாள். ரத்தம் கரித்தது.

11.04. படம் இறங்கியது. பாதிப் பள்ளத்தாக்கை மேகம் விழுங்கியிருந்தது!

"போச்சு!" என்றான் டெஸ்மண்ட்.

"இரு... ஓடைப் பக்கம் பெரிசாக்கு!"

பச்சைக் காட்டுக்குள் இரண்டே புள்ளிகள்... வேறு நிறத்தில்.

"என்ன மேடம் அது?" லூசெரோ குனிந்தார்.

"வெட்டின கிளைங்க! பார்க்கப் பச்சையாத்தான் இருக்கும். ஆனா தண்ணி வத்திப்போச்சு. நம்ம கண்ணுக்கு மூணு நிறம்தான்... நம்ம கேமராவுக்கு நூத்தம்பது! யாரோ கிளையை வெட்டி எதையோ மூடியிருக்காங்க!"

"வண்டி!"

கத்தியபடியே லூசெரோ வெளியே ஓடினார்.

11.31. 11.40...

மேரன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொடுத்திருக்கலாம். ஆறு வருஷம் போனால் போகட்டும்... கேரட் வந்தால் போதும்!

11.48. போன்!

"மேடம்... லூசெரோ. உயிரோட இருக்கார்!"

மேரனுக்கு அழுகை பீறிட்டது.

"அடிபட்டிருக்கா? கட்டெல்லாம் அவிழ்த்துட்டீங்களா?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம்.

"அவிழ்க்க ஒண்ணுமில்லை மேடம். கிளைக்கு அடியில ஒரு கேரவன். உள்ளே கூட்டாளியோட சீட்டு ஆடிட்டிருந்தார். உங்க புருஷன்தான் ஜெயிச்சுட்டிருந்தார்."

"எ... என்ன?"

"கடத்தலே அவரோட ஏற்பாடு. கேமராவை வாங்க ஆள் தயார். விமான டிக்கெட்கூட இருக்கு... ஒண்ணே ஒண்ணு. அவர் பேருக்கு மட்டும்."

மேரன் கண்ணைத் துடைத்தாள். எழுந்தாள். கார் சாவியை எடுத்தாள்.

"மேடம்... நேர்ல வர்றீங்களா?"

"வர்றேன் டெபுடி. அதுக்குள்ளே அவரைக் கம்பிக்குப் பின்னால போட்டுப் பூட்டிடுங்க... அவரோட பாதுகாப்புக்கு!"