தூணாவில் கோமுகி

அச்சுவேலி தாண்டித் தூணாவில் கோயில் வாசலில் பிறக்கிராசி பஞ்சலிங்கம் காரை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற அவர், சோழர் கற்றளிகளைப் பற்றியும் எல்லாம் பேசுவார்; தெரியாததைக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவார். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அவருடைய பிரசங்கமே இந்தக் கோயிலைப் பற்றித்தான்.

கோயில் மனேச்சர் தம்பிராசா முகம் வெளிறி ஓடிவந்தார்.

"பிறக்கிராசியார், குடமுழுக்கு முடிஞ்ச நாளிலை இருந்து கருவறைக்குள்ளை ஊத்துற தண்ணி வெளியிலை வருகுதில்லை. எத்தினை குடம் ஊத்தினாலும் கோமுகி காய்ஞ்சு கிடக்குது."

"கல்லிலை வெடிப்பு இருக்கும் காணும். உதுக்கே நடுங்கிறீர்?"

வெற்று மேலோடு உள்ளே போகவேண்டுமே என்று கோட்டைக் கழற்றினார். பாதிக் கம்பீரமும் அதோடு கழன்றது.

மதிலுக்கு வெளியே ஒருத்தி சிரித்தாள். செல்லி. அவளுடைய சாதி கோயிலுக்குள் கால்வைக்கக் கூடாது. சாமியை வெளியே எழுந்தருள வைத்துத் திருப்பணி நடந்த நாட்களில் மட்டும், கல் சுமக்க அவள் புருசன் கணவதியை உள்ளே விட்டார்கள். கருவறைக் கல் அவன் நெஞ்சில் சரிந்தது. தண்ணீர் கேட்டான். கோயில் கிணறு தீட்டாகிவிடும் என்று தம்பிராசா தடுத்தார். கேட்டுக் கேட்டே செத்தான். அவன் தோளில் வந்த கல்லெல்லாம் சுத்தம். அவன் வாய் மட்டும் அசுத்தம்!

"நயினார், அவர்தான் குடிக்கிறார்," என்றாள் செல்லி. "அந்தக் கிணத்திலை ஒரு செம்பு அள்ளி, அவரின்ரை பேரைச் சொல்லி என்ரை கையிலை தரச் சொல்லுங்கோ. போயிடுவார்."

"வாயைப் பொத்தடி!" தம்பிராசா கத்தினார்.

பஞ்சலிங்கம் வடக்குச் சுவரடியில் குந்தி, கோமுகியின் கல்வாய்க்குள் கையை விட்டார். உள்ளே ஐயர் குடத்தைக் கவிழ்த்தார்.

மடக்.

மடக்.

தொண்டையில் இறங்கும் சத்தம்.

வெடித்துப்போன உதடு ஒன்று அவர் விரலில் பட்டது. மூச்சுச் சுட்டது. சுண்ணாம்பும் இரத்தமும் நாறின.

"இன்னும்..."

கையை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தார்.

"கேட்டதோ நயினார்? கேட்டதைச் சொல்லுங்கோ."

சொல்லியிருக்கலாம். ஒரு செம்புத் தண்ணீர்தானே! ஆனால் அவருடைய கட்சிக்காரரில் பாதிப்பேர் தம்பிராசாவின் ஆட்கள். எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"வெடிப்புமில்லை, பேயுமில்லை. நீரை உள்ளேயே உறிஞ்சுகிற சோழர் நுட்பம் இது. பெருமைப்படும், தம்பிராசா!"

செல்லி காறித் துப்பினாள்.

"அப்ப அவரை உங்களோடையே கூட்டிக்கொண்டு போங்கோ."

வெள்ளிக்கிழமை மேடையில், அந்த நுட்பத்தை விளக்கத் தொடங்கியதும் அவருக்குத் தொண்டை வறண்டது. கிளாசைக் காலி பண்ணினார். கூசாவைக் காலி பண்ணினார். பிறகு வாளியே வந்தது. சபை சிரித்தது. அவர் உதடு வெடித்து இரத்தம் கசிந்ததும் சிரிப்பு நின்றது.

"போதும், நிப்பாட்டுங்கோ ஐயா," என்று சபைத்தலைவர் நமசிவாயம் வாளியைப் பறித்துவிட்டு, அவர் தோளில் கைவைத்தார்.

வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பஞ்சலிங்கத்தின் வாய் இறுக மூடியிருந்தது. உள்ளே யாரோ இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.