மார்ச் பதினொன்றில் மூன்றாவது மேஜை

அன்று காலை ஆபீசில் இருந்தவர்கள் மூன்று பேர். கதவருகே முதல் மேஜையில் தேவயானி. ஜன்னலோரம் மேனேஜர் கோவர்த்தனன். பீரோவை ஒட்டிய மூன்றாவது மேஜையில், ஏப்ரலில் சேர்ந்த ஹரிதா. அவளுக்கு முன் அங்கே இருந்த மோகன்ராஜ், மார்ச் பன்னிரண்டாம் தேதி பலமனேர் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தவன்.

பங்காருபாளையத்து மாங்கூழ் கம்பெனி. ஜூலை மாதம் என்பதால் வெளியே லாரிகளின் உறுமலும் நசுங்கிய மாம்பழத்தின் புளித்த வாடையும் ஓய்வதே இல்லை. உள்ளே கம்ப்யூட்டர்கள் நான்கு நாளாகச் செத்துச் செத்துப் பிழைத்தன. அப்டேட் முப்பத்தைந்து சதவீதம் ஏறும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எல்லா மெஷின்களும் திருப்பதி ஹெட் ஆபீசின் பிடியில் இருந்தன.

"தேதியை மட்டும் நம்ம மாத்தலாம்," என்றார் கோவர்த்தனன். "மார்ச் பதினொண்ணுன்னு வெச்சிட்டா, அப்டேட்டு இன்னும் நாள் வரலன்னு கம்முனு கெடக்கும்."

"அப்ப நான் இன்னும் வேலைக்கே சேரல சார்," ஹரிதா சிரித்தாள். "வூட்டுக்குப் போவட்டா?"

நெட் வயரைப் பிடுங்கித் தேதியை மாற்றியதும் மெஷின்கள் எழுந்தன. அதோடு விடவில்லை அவர். லாரிச் சீட்டில் ஒரு தேதி, முத்திரையில் ஒரு தேதி இருக்கலாமா? முத்திரையின் தேதிச் சக்கரத்தையும் திருப்பினார். யாரும் குழம்பக்கூடாதென்று சுவர்க் காலண்டரையும் மார்ச்சுக்குப் புரட்டினார்.

கொஞ்ச நேரத்தில் லாரிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பழ வாடை தேய்ந்து, அதனிடத்தில் மெல்லிய, துவர்ப்பான ஒரு மணம் ஜன்னல் வழியே ஊறி வந்தது. தேவயானி மூச்சை இழுத்தாள். மாம்பூ. ஜூலையில் ஏது மாம்பூ?

டொக், டொக்.

பேனா மூடியால் மேஜையில் இரண்டு தட்டு. மோகன்ராஜின் பழக்கம் அது.

திரும்பினாள். ஹரிதாவின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"நான் தட்டல அக்கா," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மெஷின்ல என் பேரைப் போட்டா, இந்தப் பேர்ல யாரும் இல்லன்னு வருது."

"சார், தேதியைத் திருப்பி வெச்சிடுங்க. ஹரிதாவுக்கு என்னமோ ஆவுது."

கோவர்த்தனன் மூன்றாவது மேஜையைப் பார்த்தார். அவர் பார்வை ஹரிதாவைக் கடந்து பீரோவில் போய் நின்றது.

"ஹரிதாவா? எவம்மா அது? அங்க மோகன்ராஜ் இல்ல இருக்கணும். டீ குடிச்சிக்கினு இருப்பான்."

தேவயானி மெஷினிடம் ஓடினாள். தேதி மாறவில்லை. காலையில் கேட்காத ஹெட் ஆபீஸ் பாஸ்வேர்டை இப்போது கேட்டது. போனை எடுத்தாள். அதிலும் மார்ச் பதினொன்று. லைன் இல்லை. இனித் திருப்பதிக்குக் கடிதம்தான். ஹரிதா என்ற பெயர் மையில் ஏறி இந்த வாசலைத் தாண்டிவிட்டால் போதும், அவளைப் பிடித்து நிறுத்த அது ஒன்றாவது இருக்கும்.

எழுதினாள். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். முதல் மேஜை, தேவயானி. ஜன்னலோரம், கோவர்த்தனன். மூன்றாவது மேஜை. ஹ. ரி. தா. ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி.

"அக்கா..."

நிமிர்ந்தாள். நாற்காலி காலி.

குனிந்தாள். காகிதத்தில், அவள் கையெழுத்திலேயே: மூன்றாவது மேஜை, மோகன்ராஜ்.

அடித்து எழுதப் போனாள். யார் பெயரை? நாக்கு நுனியில் இருந்தது. இருந்தது. இல்லை.

டொக், டொக்.

தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. நகக்கண்களில் தார். மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியிருந்தது.

"குடுங்க அக்கா. நான் ஒட்டி பஸ்ல குடுத்துடறேன்."

அவள் விரல்கள் தாமாகவே கடிதத்தை மடித்து உறையில் இட்டன. அந்தக் கை பசை தடவி ஒட்டியது. முத்திரை விழுந்தது. மார்ச் பதினொன்று. வாசலில் திருப்பதி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கடிதம் போனது.

மூன்றாவது மேஜைக்கு அடியில் ஒரு ஜோடி பெண் செருப்பு கிடந்தது. யாருடையதென்று தேவயானிக்கு நினைவு வரவில்லை. உள்ளே விரல்கள் நெளிவதுபோல் அதன் வார்கள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.