பதினோராம் நாள் சிவப்பு

உடம்பு துடைத்த துண்டில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருந்தது.

முத்துவடிவு அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளியே சாரல். மதியம் பன்னிரண்டு மணிக்கே தென்காசி முழுக்க இருட்டிக்கொண்டு கிடந்தது. ஈரம் ஊறிய சுவரின் வாடையும் அடுப்பில் கொதிக்கும் ரசத்தின் மிளகு வாடையும் கலந்து நின்ற அந்த அரைவெளிச்சத்தில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. ரத்தம் எப்படிக் காயும் என்று மகளிர் காவல் நிலையத்து ஏட்டான அவளுக்குத் தெரியும். இது மருந்தின் நிறம். மார்பில் வந்த கட்டிக்காக, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றுகிற சிவப்பு மருந்து. ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள். இரண்டு தடவையும் அப்படித்தான் போய் நின்றது. மூன்றாவது ஊசி போட்டு இன்றோடு பதினோரு நாள்.

"என்னட்டி பாக்குத?" துணைக்கு வடகரையிலிருந்து வந்திருந்த அக்கா மாரித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"மூஞ்சி எப்படித் தெளிஞ்சிருக்கு! இந்த மட்டம் வாந்தி கிடையாது, வாய்ப்புண்ணு கிடையாது. மருந்து உடம்புக்குப் பழகிட்டு. ஆவணியில நீ டூட்டிக்குப் போயிரலாம்."

பழகிட்டு. அந்தச் சொல் முத்துவடிவுக்குப் பிடிக்கவில்லை. முதல் ஊசிக்கு மூன்று நாள் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தாள். ஆனால் எலுமிச்சம்பழம்போல் இருந்த கட்டி பாக்களவுக்குச் சுருங்கியது. இப்போது நன்றாகப் பசிக்கிறது. தூக்கம் வருகிறது. அதுதான் பயமாக இருந்தது. விடிந்து எழுந்தால், மார்போடு அணைத்துப் படுத்த தலையணையின் உறையில் அதே இளஞ்சிவப்பு. உடம்பு முழுக்க உலர்ந்து கிடக்க, இடது மார்பைச் சுற்றி மட்டும் வியர்வை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா விடாப்பிடியாக அவளைக் குற்றாலத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள். "முங்கவா சொல்லுதேன்? ஓரமா நின்னு உடம்ப நனைச்சிட்டு வா." பெண்கள் பக்கத்தில், எண்ணெய் வாடைக்கும் இரைச்சலுக்கும் நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் முத்துவடிவு. தண்ணீர் தோளில் விழுந்ததும் சுகமாக இருந்தது. குனிந்து பார்த்தாள். காலடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு நூல் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே நின்ற பெண் வெடுக்கென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "எக்கா, தூரம்னா வீட்டுல இருக்கக் கூடாதா?"

அது அங்கிருந்து வரவில்லை. நைட்டிக்குள், மார்பிலிருந்து, விலா வழியாக இறங்கியது.

மறுவாரம் ஸ்கேனில் கட்டி பழையபடி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது.

"மருந்து முக்காவாசி செல்லக் கொன்னுட்டு ஏட்டம்மா," என்றாள் டாக்டர் அஃப்ஷான். "ஆனா தப்பிச்சது கொஞ்சம் உண்டு. அதுங்ககிட்ட ஒரு பம்பு மாதிரி இருக்கும். உள்ள வருத மருந்த உடனே வெளிய தள்ளிரும். இப்போ பெருகுதது பூரா அந்த வகைதான்."

"வெளியன்னா எங்கன டாக்டர்?"

"செல்லுக்கு வெளிய. கண்ணுக்குத் தெரியுத விஷயம் இல்ல."

முத்துவடிவு பையிலிருந்து தலையணை உறையை எடுத்து மேசையில் வைத்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, மேலே தேதி எழுதியிருந்தாள். ஸ்டேஷன் பழக்கம். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இத்தன நாள் இது உடம்புல நிக்காதே..." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "லேபுக்கு அனுப்புதேன். நாம வேற மருந்து போட்டுருவோம். இதுக்கு நிறமே கிடையாது."

அன்றே படுக்கையில் சாய்த்து, வலது கையில் ஊசி குத்தி, புதுப் புட்டியைத் தொங்கவிட்டார்கள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. வார்டில் பினாயில் வாடை. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அக்கா நாற்காலியில் கண்ணயர்ந்தாள். அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. முத்துவடிவுக்கும் இமை கனத்தது.

விலாவில் குளிர்ந்தது.

அசையாமல் கிடந்தாள். வியர்வையாக இருக்கும். இடது கையை மெல்ல உள்ளே விட்டாள். ஈரம். கட்டி விரலுக்கடியில் ஒரு தரம் இறுகித் தளர்ந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். நிறமில்லை.

மேலே, புட்டிக்குக் கீழிருந்த குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. விலாவில் ஒரு சொட்டு இறங்கியது.

எண்ணினாள். மேலே ஒன்று. இங்கே ஒன்று. மேலே. இங்கே.

முதல் மருந்தை வெளியே தள்ளப் பழக அதற்கு இரண்டு மாதம் ஆனது. இந்த மருந்துக்கு அரைமணி நேரம்.

"அக்கா," என்றாள். குரல் எழும்பவில்லை.

நர்ஸ் வந்தாள். புட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப மெதுவா ஏறுதே ஏட்டம்மா," என்று குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைத் திருகி, வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

விலாவிலும் வேகம் கூடியது.