ஞாயிற்றுக்கிழமை அளந்த பாதை

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மினேசவா ரயில் நிலைய வாசலில் நின்றது ஒரே ஒரு டாக்சி. குடையில்லாமல் ஓடிவந்த இளைஞன் அதன் பின்கதவருகே நின்றான். ஓட்டுநர் விசையைத் தட்டினால்தான் கதவு திறக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்த சிஹோ தட்டவில்லை.

கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் இறக்கினாள்.

"நகராட்சி குனிஹிரோ நீங்கதானே? ஆஸ்பத்திரியை மலைக்கு அந்தப் பக்கம் மாத்தினாலும் பதினெட்டே நிமிஷத்துல போயிடலாம்னு அறிக்கை எழுதினவர்?"

"ஆமாங்க... நானே ஓட்டிப் பாத்து எழுதினது. உள்ள உக்காந்து திட்டு வாங்கக்கூடாதா? நனையறேன்..."

அந்தக் கண்கள்! இமையில் மழைத்துளி தொங்க, கொஞ்சமும் கோபமில்லாமல் சிரித்தன. இவனை எப்படி வெறுத்துத் தொலைப்பது? எரிச்சலோடு கதவைத் திறந்துவிட்டாள்.

"நகராட்சி ஆபீஸ் போகணும்..."

"போகலாம். முதல்ல உங்க பதினெட்டு நிமிஷத்தைப் பாத்துட்டு வருவோம்."

தோப்புகளைத் தாண்டி, கூட்டுறவுக் கிடங்குக்கு முன்னால் டாக்சி நின்றேவிட்டது. எதிரே ஆப்பிள் பெட்டி ஏற்றிய குட்டி லாரிகளின் வரிசை. ஒதுங்கக்கூட இடமில்லை.

"எந்தக் கிழமை அளந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை... ஆபீஸ் வேலை கெடக்கூடாதேன்னு..." அவன் குரல் தேய்ந்தது. "ஐயோ... அன்னிக்குக் கிடங்கு லீவு!"

"அறுவடை மாசம் பூரா இப்படித்தான். போன வருஷம் இதே மாசம் எங்கப்பாவுக்கு மாரடைப்பு. அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தா..." சிஹோ கண்ணாடித் துடைப்பானை வேகமாக ஓடவிட்டாள்.

புது இடத்தை அடைய நாற்பத்து மூன்று நிமிடம். குனிஹிரோவின் முகம் வெளுத்திருந்தது.

அதற்குப் பிறகு அந்த வாரத்தில் நான்கு தடவை அவள் டாக்சியில் ஏறினான். நான்காவது தடவை சிஹோ கேட்டேவிட்டாள்.

"ஆஸ்பத்திரி பத்தின ஊர்க் கூட்டத்துல உண்மையைச் சொல்லுவீங்களா?"

"அறிக்கையில எங்க துறைத்தலைவர் முத்திரை குத்திட்டார்... அவரை ஊர் முன்னாடி எப்படித் தலைகுனிய வைக்கறது?"

"ஓ... அவர் மானம் பெரிசு, எங்கப்பா உயிர் சின்னதா? இறங்குங்க!"

இறங்கினான். அன்றிரவு அவள் அழுதாள், அவனுக்காகவா அப்பாவுக்காகவா என்று தெரியாமலே.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. குனிஹிரோ எழுந்தான். இடுப்பு வளையக் குனிந்தான்.

"நான் ஞாயித்துக்கிழமை அளந்தேன். தப்பு என்னுடையது. லாரி நிக்கற நாள்ல நாப்பத்திமூணு நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள ஒரு உயிர் போயிடும்."

துறைத்தலைவரின் முகம் கறுத்தது. கடைசியில் நகரத் தலைவரே எழுந்து, அவசரப் பிரிவு இங்கேயேதான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். சிஹோவின் அப்பா தன் நாற்காலியில் கைதட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

வெளியே தூறல். குனிஹிரோ தனியே நின்றான். சிஹோ அருகில் வந்தாள்.

"வேலைக்கு ஆபத்தா?"

"இல்லீங்க... துறைத்தலைவர் ஒரு மாசம் என்கூடப் பேசமாட்டார், அவ்வளவுதான்." தயங்கினான். "சிஹோ... இன்னொரு தப்பையும் ஒத்துக்கணும். அந்த நாலு தடவையில முதல் ரெண்டுதான் பாதையை அளக்க வந்தது."

"மத்த ரெண்டு?"

"உங்களைப் பாக்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

சிஹோவின் முகம் காதுமடல் வரை சிவந்தது.

"மூணாவது தடவை ஆத்தங்கரை வழியா ஊரையே சுத்தித்தான் உங்களை இறக்கிவிட்டேன். இருபது நிமிஷம் கூட ஆச்சு. நிமிஷத்தை அளக்கறவர்... அதைக்கூடக் கவனிக்கல!"

"எதுக்குச் சுத்தினீங்க?"

"நீங்க சீக்கிரம் இறங்கிடக்கூடாதுன்னுதான்..."